கிருத்திகை நாளில் ஓர் அரையிறுதி

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கால்பந்து ஆட இறங்கியிருக்கிறேன். திருத்தணியில் நான் பொருளாதாரம் நடத்தும் கல்லூரியில் சேர்ந்த புதிது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். என் உடம்பின் அகலத்தைப் பார்த்து, எப்படி அடித்தாலும் பந்து என் மேல் பட்டுத்தான் போக வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டு என்னைக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். கணக்கு சரிதான். ஒவ்வொரு பந்தும் என் மேல் பட்டது. பட்டு உள்ளே போனது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் எங்கள் முதல்வர் பெண்கள் கால்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டார். உலகக் கோப்பை நடந்த மாதம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது நான்தான். பேசுகிறவனுக்கு விஷயம் தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அணியைத் தயார் செய்வது, காயம் பட்டால் கட்டுப் போடுவது, பெற்றோரிடம் பேசிச் சம்மதம் வாங்குவது எல்லாமே உடற்கல்வி ஆசிரியை, எங்கள் பி.டி. மேடம்தான். அதிகம் பேசாதவர். விசிலை ஊதித்தான் பாதி விஷயத்தைச் சொல்வார். எனக்கு இருந்த ஒரே வேலை, மற்றக் கல்லூரிகளோடு கலந்து பேசுவது. அதாவது பேசுவது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கால்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரிகள் கொஞ்சம்தான். அரக்கோணம், திருவள்ளூர், கனகம்மாசத்திரம், அப்புறம் ஆந்திர எல்லையைத் தாண்டி நகரி, புத்தூர். எல்லாரும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்த விதம்தான் விசித்திரம். எல்லாரும் எல்லாரோடும் ஆடி முடிக்க ஒரு வருடமும் நேரம் அமைவதில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் மைதானம் பஸ் நிற்கும் இடமாகிவிடும். அதன் பிறகு மழை. அதன் பிறகு செமஸ்டர் தேர்வு. ஆடின வரைக்கும் ஆடிவிட்டு, கடைசியில் பி.டி. சார்களும் மேடம்களும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, போண்டா தின்றபடி, இந்த வருடம் யார் நல்ல அணி என்று பேசிக் கை தூக்குவார்கள். அதிகம் கை விழுந்த அணிக்குக் கோப்பை.

நான் பொறுப்பேற்ற முதல் வருடம் எங்கள் பெண்கள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. கோப்பை அரக்கோணத்துக்குப் போனது. ஏன் என்று கேட்டதற்கு, "உங்க டீம் யார்கூட ஆடுச்சு சார்? லேசான டீமுங்ககூடவே ஆடிகினு இருந்துச்சு" என்றார்கள்.

அன்று எனக்குள் ஒரு புரட்சிக்காரன் விழித்துக்கொண்டான்.

அந்த ஓட்டல் கூட்டத்தில் எங்களுக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் ஒருவன் என் மைத்துனன். என் மனைவிக்குப் பிறந்த ஊர் நகரி. அவளுடைய தம்பி அங்கே ஒரு கல்லூரியில் பி.டி. சார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவனை நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"கை தூக்கி சாம்பியனைத் தீர்மானிக்கிறது இன்னா நியாயம் மச்சான்? முதல் நாலு அணிய எடு. ரெண்டு அரையிறுதி, ஒரு இறுதி. ஆடித் தீத்துக்கட்டும்."

அக்கா புருஷன் என்பதால் என்னைத் தெலுங்கில் பாவா என்று கூப்பிடுகிறவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "கை தூக்கறது தப்புதான் பாவா. எல்லாரும் எல்லார்கூடவும் ஆடட்டும், பாயின்ட் யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்குக் குடு. அத்த உட்டுட்டு எதுக்கு செமி ஃபைனலு? வருசம் பூரா ஒயுங்கா ஆடின டீமு, ஒரு நாளு கால்ல முள்ளு குத்தித் தோத்துட்டா, அது மோசமான டீமா?"

"அந்த ஒரு நாள் நெஞ்சுரம்தான் சாம்பியன்" என்றேன். இந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போனது. பிறகு இதைப் பல இடங்களில் சொன்னேன்.

"நெஞ்சுரம் ஆடறவங்களுக்குத்தான வேணும். உங்களுக்கு இன்னா பாவா?" என்று கேட்டுவிட்டு அவன் கை கழுவப் போனான்.

அடுத்து வந்த மாதங்களில் நான் செய்த காரியங்களை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. எல்லாக் கல்லூரிகளின் வாட்ஸப் குழுவிலும் நீளநீளமாக எழுதினேன். அரையிறுதி முறையின் மேன்மை பற்றி, படங்களும் அம்புக்குறிகளும் பறந்து வந்து நிற்கிற மாதிரி, கணினியில் ஒரு விளக்கம் தயாரித்தேன். ஒரு மாலை பி.டி. மேடம் வந்து, "சார், ப்ராக்டிஸுக்குப் பந்து பத்தல" என்றார். "இருங்க மேடம், இந்த அம்பு நேரா நிக்க மாட்டேங்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் நான் ஜெயித்தேன். என் வாதம் எடுபட்டதா, நான் நிறுத்தினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்களா, தெரியாது. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோத வேண்டும். மழையும் தேர்வும் குறுக்கே வந்தால் தை மாதம் வரைக்கும் நீட்டிக்கொள்ளலாம். புள்ளிகளில் முதல் நான்கு இடம் பிடிப்பவை அரையிறுதிக்கு. முதல் அணியும் நான்காவது அணியும் ஒரு பக்கம், இரண்டும் மூன்றும் இன்னொரு பக்கம். சமனானால் பெனால்டி. விதிமுறைகளை நானே தட்டச்சு செய்தேன். ஒழுக்கத்தில் குறை இருக்கக் கூடாது என்று, குறித்த நேரத்தில் மைதானத்தில் இல்லாத அணி தோற்றதாகக் கருதப்படும் என்ற வரியையும் சேர்த்தேன். யாரும் கேட்காத வரி அது.

அந்த வருடம் எங்கள் அணி ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கால்பந்து தெரியாத எனக்கே கண் நிறைந்தது. கேப்டன் என்னுடைய வகுப்பு மாணவி. பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி ஓடும் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண், மைதானத்தில் இறங்கினால் எதிராளிகள் நாலு பேர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பந்து வலையில் இருக்கும். லீக் முடிந்தபோது நாங்கள் முதலிடம். இரண்டாவது வந்த அரக்கோணம் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் நின்றது. நான்காவது இடத்தில் தட்டுத்தடுமாறி ஒட்டிக்கொண்டு வந்தது நகரி. என் மைத்துனனின் அணி. அவர்களை லீக்கில் நாங்கள் நாலு கோல் போட்டு வென்றிருந்தோம்.

புள்ளிப் பட்டியல் வந்த அன்று மைத்துனன் போன் செய்தான். "பாவா, நா சொன்னமாரி வுட்டிருந்தா இன்னிக்கே கோப்பை உங்க ஊட்டுக்கு வந்திருக்கும்."

"பரவால்ல, ஆடியே வாங்கிக்கிறோம்" என்றேன். குரலில் கம்பீரம் இருந்தது. போனை வைத்த பிறகு புள்ளிகளை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன்.

அரையிறுதியின் தேதியை முடிவு செய்ததும் நான்தான். தேர்வுத் தேதி, நடுவர் வரக்கூடிய நாள், மைதானம் காலியாக இருக்கும் நாள் எல்லாவற்றையும் கட்டம் போட்டு ஆராய்ந்து ஒரு விடுமுறை நாளைப் பிடித்தேன். அன்றைக்குத் தைக் கிருத்திகை.

திருத்தணியில் குடியிருக்கிறவன், கிருத்திகை எப்போது என்று பார்க்காமல் ஒரு தேதி குறித்தான் என்றால் அவனை என்ன சொல்வது. முந்தின நாள் காலை மனைவி அடுப்படியிலிருந்து, "நாளைக்கு மேட்சுன்னீங்க, கிருத்திகை ஆச்சே, பஸ்ஸு எப்படி ஊருக்குள்ள வரும்?" என்று கேட்டபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மாற்ற முடியாது. நடுவரை மறுபடி பிடிக்க முடியாது. "அதெல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருக்கேன்" என்றேன்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால், மலைக்குப் போகிற சாலை காவடிகளால் நிறைந்திருக்கிறது. பஸ்களையெல்லாம் போலீஸார், ஆடியில் செய்வது போல மைதானத்துக்கு விடாமல், பைபாஸிலேயே நிறுத்திவிட்டார்கள். நகரி அணி முன்னெச்சரிக்கையாக ரயிலில் வந்து, மர நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. எங்கள் அணியில் உள்ளூர்ப் பெண்கள் மட்டும் இருந்தார்கள். கேப்டனும், பின்களத்தில் ஆடுகிற பெண்களும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் எங்கேயோ சிக்கியிருந்தார்கள்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் போனில் நான் அனுப்பிய விதிமுறைகளை விரலால் நகர்த்தி, ஒரு வரியில் நிறுத்தி என்னிடம் காட்டினார். "சார், நீங்க எழுதினதுதான்."

என் எழுத்து எவ்வளவு தெளிவானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தப்பிக்க ஓர் ஓட்டைகூட இல்லை. பி.டி. மேடம் என்னைப் பார்த்தார். விசில் வாயில் இருந்தது, ஊதவில்லை.

மைத்துனன் மர நிழலிலிருந்து எழுந்து வந்தான். நடுவரிடம், "சார், எங்க பிள்ளைங்க இன்னும் ஷூ கட்டல. கொஞ்சம் டைம் ஆவும்" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் அணிப் பெண்கள் எல்லாரும் ஷூ கட்டித் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தெலுங்கில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். வரிசையாகக் குனிந்து, கட்டின கயிற்றையெல்லாம் அவிழ்க்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர், உயரமான பெண், ஷூவையே கழற்றி உள்ளே இருந்த மண்ணைத் தட்டி, மறுபடி தட்டி, வெயிலில் காய வைத்தாள்.

"ரெண்டு டீமும் ரெடியா இல்லன்னா யார தோத்ததா எழுதறது சார்?" என்று நடுவரிடம் மைத்துனன் கேட்டான். நடுவர் சிரித்துவிட்டு ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டார்.

எங்கள் பெண்கள் ஒரு வழியாக வந்தார்கள். பைபாஸில் இறங்கிக் காவடிகளுக்கு நடுவே ஓடி வந்திருக்கிறார்கள். மூச்சு வாங்கியது. கேப்டனின் நெற்றியில் யாரோ அள்ளிப் பூசிய விபூதி வேர்வையில் வழிந்தது. அவர்களுக்குப் பின்னால், அதுதான் நான் எதிர்பார்க்காதது, ஒரு கூட்டமும் வந்தது. மலையிலிருந்து இறங்கியவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர்கள், பூக்கூடை வைத்திருந்தவர்கள். பெண்கள் அரைக்கால் சட்டையோடு ஓடுவதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்டங்களை அதுவரை பார்த்தது சில நாய்களும், மைதானத்தில் மாடு மேய்க்க வரும் ஒரு பெரியவரும்தான். அன்று எல்லைக்கோட்டைச் சுற்றிச் சந்தனத் தலைகள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கேப்டன் ஒரு கோல் அடித்தாள். "அரோகரா" என்று மைதானமே முழங்கியது. எனக்குப் புல்லரித்தது. கூட்டம் முழுக்க நம் பக்கம் என்று முடிவு கட்டினேன். இடைவேளைக்குப் பிறகு தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்றார்கள். கேன் தேடி நான் தெருவுக்குப் போன நேரத்தில் நகரி ஒரு கோல் திருப்பிவிட்டது. அப்போதும் ஓர் அரோகரா எழுந்திருக்க வேண்டும். தெருவெல்லாம் அரோகரா கேட்டுக்கொண்டிருந்த நாளில் எனக்கு அது எப்படித் தெரியும்.

பைபாஸிலிருந்து ஓடி வந்த கால்கள் கடைசியில் தளர்ந்துவிட்டன. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, என் விதிமுறைப்படி பெனால்டி வந்தது.

இரண்டு பக்கமும் விடாமல் அடித்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் தரப்பில் கடைசியாகக் கேப்டன் பந்தை வைத்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. மைதானத்துக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். நெஞ்சுரம் பற்றிப் பேசிய அதே ஆள்தான். கண்ணை மூடி, அந்த நேரத்தில் வாய்க்கு வந்த வேண்டுதலையெல்லாம் வேண்டினேன். பின்னால் 'டங்' என்று குண்டான் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கம்பத்தில் பட்டு உள்ளே போயிருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரே அமைதி. விசில். பிறகு மலையே இறங்கி வந்த மாதிரி ஓர் அரோகரா.

அவ்வளவுதான். நான் குதித்தேன். என் எடையுள்ள ஆள் குதிக்கக் கூடாத உயரத்துக்குக் குதித்தேன். பக்கத்தில் நின்றிருந்தவனைத் தூக்கிக் கட்டிப் பிடித்து, "ஜெயிச்சிட்டோம் மச்சான், ஜெயிச்சிட்டோம்" என்று அவன் முதுகில் அடித்தேன்.

மைத்துனன் மூச்சுத் திணறிக்கொண்டே என் காதில் மெதுவாகச் சொன்னான். "ஆங் பாவா. ஜெயிச்சிட்டோம். நாங்க."

கையை எடுக்காமலே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். நகரிப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். கேப்டன் அடித்தது மேல் கம்பத்தில் மோதித் திரும்பியிருந்தது. அதற்கடுத்து நகரி அடித்ததுதான் உள்ளே போயிருந்தது. சந்தனத் தலைகள் இன்னும் அரோகரா போட்டுக்கொண்டிருந்தன. யார் கோல் போட்டாலும் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

கேப்டன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பி.டி. மேடம் அவள் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போனார். நான் ஆறுதல் சொல்லப் போனேன். பொருளாதார ஆசிரியர் என்பதால் என் ஆறுதலும் நீளமாகத்தான் இருந்தது. வருடம் முழுக்க நீங்கள்தான் சிறந்த அணி, ஓர் உதையில் தகுதியை அளக்க முடியாது, இந்த முறையே தவறு, அடுத்த கூட்டத்தில் இதை மாற்றச் சொல்லப் போகிறேன் என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு சார் மாத்தணும்?"

"இல்லம்மா, லீக்ல நீங்கதான முதல்ல வந்தீங்க."

"லீக் மேட்சுன்னா எங்க ஊட்ல யாரும் வர மாட்டாங்க சார். செமி ஃபைனலுன்னு சொன்னேன், எங்க நைனா தறிய நிறுத்திட்டு வந்தாரு. நா ஆடி அவரு பாத்ததே இல்ல."

அவள் காட்டிய பக்கத்தில், புதிதாக மொட்டையடித்த தலையில் சந்தனத்தோடு ஒருவர் கையில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். மைதானத்துக்குள் வரலாமா என்று தெரியாமல் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் நின்றார். நான் கை காட்டியதும் வந்தார். மகள் பக்கத்தில் போய் நின்றார். என்னிடம்தான் கேட்டார். "கம்பத்துல பட்டா அதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

"பாதியாச்சும் குடுக்கலாம்" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கால்பந்து பற்றி அந்த வருடம் நான் கேட்ட யோசனைகளில் நான் முழு மனதோடு ஆதரித்தது அது ஒன்றைத்தான்.

அதோடு முடியவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் தம்பி அணியைச் சாப்பிட அழைத்து வர வேண்டும் என்று என் மனைவி முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள். கூடத்தில் இலை போட்டு நகரி அணி முழுவதும் உட்கார்ந்தது. பரிமாறியது நான். கிருத்திகை என்பதால் வெங்காயம் இல்லாத சாம்பார். ஷூவைக் காய வைத்த அந்தக் கோல்கீப்பர் ரசம் மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, "சார், மீரு எப்புடைனா ஃபுட்பால் ஆடாரா?" என்றாள். எப்போதாவது ஆடியிருக்கிறீர்களா என்கிறாள்.

"கோல்கீப்பர்" என்றேன்.

அவள் சட்டென்று மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் அதற்கு மேல் விவரம் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாருடைய போனிலும் ஒரு படம் வந்துவிட்டது. நான் மைத்துனனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கிறேன். படத்துக்குக் கீழே, 'தோல்வியிலும் எதிரணியை வாழ்த்தும் பெருந்தன்மை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். முதல்வர் அதற்குக் கைதட்டும் கைகள் போட்டிருந்தார். மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவன் தோள் மட்டும் குலுங்கியது.

நகரி இறுதியில் அரக்கோணத்திடம் தோற்றது. சீசன் முடிந்த கூட்டத்துக்கு நான் ஒரு புது விளக்கம் தயாரித்துக்கொண்டு போனேன். லீக்கில் முதலிடம் பெறும் அணியே சாம்பியன் என்பதற்கு ஆதரவாக. அம்புகள் இந்தத் தடவை எதிர்த்திசையில் பறந்தன. ஆனால் நான் எழுந்ததுமே, "அந்தப் படத்துல இருக்கிறவரு" என்று எல்லாரும் கை தட்டினார்கள். பெருந்தன்மைக்காரன் என்று பெயர் வாங்கிய வாயால், கோப்பையை எங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது. மைத்துனன் எழுந்து, அரையிறுதி இருக்கத்தான் வேண்டும் என்று பேசினான். இறுதி வரைக்கும் போனதில் அவனும் மாறியிருந்தான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பேசியது பி.டி. மேடம். "நாலு டீம் இருக்கட்டும். ஆனா லீக்ல மொத வந்த டீமுக்கு ஏதாச்சும் செய்யணும். மேட்ச் சமம் ஆனா பெனால்டி வேணாம். மொத வந்த டீம் ஃபைனலுக்குப் போவட்டும்." அவ்வளவு பேர் அவ்வளவு மாதங்களாகப் பேசியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். விதிமுறைகளைத் தட்டச்சு செய்யும் வேலையைக் கனகம்மாசத்திரத்துக்காரரிடம் கொடுத்தார்கள். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

கேப்டன் படிப்பை முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடுமுறை நாட்களில் வந்து புதுப் பெண்களோடு ஆடுகிறாள். இந்த வருட லீக் இன்னும் முடியவில்லை. நாங்கள் இப்போதைக்கு மூன்றாவது. எந்த முறை நியாயமானது என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்டால், லீக் முடிந்த பிறகு சொல்கிறேன் என்கிறேன்.